மரம் எவ்வளவு, சூடு எவ்வளவு: செயற்கைக்கோள் படத்தை வைத்துச் சென்னையை அளக்கும் முறை

மரம் இருந்தால் குளிர்ச்சி என்பதைச் சொல்லச் செயற்கைக்கோள் தேவையில்லை. புங்க மர நிழலில் ஒருமுறை ஒதுங்கியவருக்கே அது தெரியும். செயற்கைக்கோள் உதவுவது அடுத்த கேள்விக்கு. எவ்வளவு பசுமைக்கு எத்தனை டிகிரி குறைகிறது? ஊரின் எந்தப் பகுதியில் குறைகிறது, எங்கே குறையவில்லை? இதற்கு எண்ணில் பதில் சொல்ல முடிந்தால்தான், நாற்று எங்கே நட வேண்டும், எந்த மரத்தை வெட்ட விடக்கூடாது என்று மாநகராட்சியிடம் வாதாட முடியும்.

சிவப்பும் பச்சையுமாக ஒரு வரைபடம் போடுவது அரை மணி நேர வேலை. அதிலிருந்து நேர்மையான ஓர் எண்ணை எடுப்பதுதான் கடினம். ஏரி, கடல், காய்ந்த புல், தகரக் கூரை என்று ஒவ்வொன்றும் அந்த எண்ணைத் தன் பக்கம் இழுக்கும். இங்கே சென்னையை வைத்து முழு வழியையும் விளக்குகிறோம். இலவச வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ், ஓர் அட்டவணை மென்பொருள், சுமாரான கணினி ஆகிய மூன்றும் போதும்.

எதை அளக்கிறோம்

அமெரிக்காவின் லேண்ட்சாட் 8 செயற்கைக்கோள் 2013 பிப்ரவரியிலும், லேண்ட்சாட் 9 செயற்கைக்கோள் 2021 செப்டம்பரிலும் ஏவப்பட்டன. ஒவ்வொன்றும் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேல் வரும். இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு படம். சென்னையைக் கடக்கும் நேரம் ஏறக்குறைய காலை 10.20. இந்த நேரத்தை மறக்காதீர்கள். உச்சி வெயிலுக்கு முந்திய நேரம் இது. பெரும்பாலான கோடை நாள்களில் கடற்காற்று ஊருக்குள் நுழைவதற்கும் முந்திய நேரம். படத்தில் இருப்பது அந்தக் கணத்தின் சூடு மட்டுமே.

அதுவும் காற்றின் சூடு அல்ல, மேலிருந்து பார்த்தால் தெரிகிற பரப்பின் சூடு. மொட்டை மாடித் தளம், தார் ரோடு, மரத்தின் மேல் இலைகள், வெறும் மண் இவற்றின் வெப்பநிலை. வெறுங்காலோடு மாடியில் நடந்தால் சுடுகிறதே, அதற்கு நெருக்கமானது இது. தெர்மாமீட்டரில் பார்க்கும் 38 டிகிரியும் படத்தில் வரும் 44 டிகிரியும் ஒன்றுக்கொன்று முரணல்ல, இரண்டும் வெவ்வேறு அளவுகள். செய்திகளில் இவை அடிக்கடி குழம்பிவிடுகின்றன. உங்கள் அறிக்கையில் எல்லா இடத்திலும் ‘தரைப் பரப்பு வெப்பநிலை’ என்றே எழுதுங்கள்.

மரம் ஏன் குளிர்ந்து தெரிகிறது? வேர் உறிஞ்சிய நீரை இலை ஆவியாக விடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்குச் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். இது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வெயிலிலிருந்து வந்த அந்த வெப்பம் இலையைச் சூடாக்காமல் நீரோடு வெளியேறிவிடும். தார் ரோட்டில் ஆவியாக நீரில்லை, வந்த வெயில் அப்படியே சூடாகிறது. இதிலிருந்து ஒன்று விளங்கும். மண்ணில் ஈரமில்லாவிட்டால் மரத்தின் இந்த வேலையும் சுருங்கிவிடும். இதைப் பின்னால் வர்தா புயல் கணக்கில் பார்க்கப் போகிறோம்.

படங்களை எடுப்பது

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். சென்னை இருக்கும் சட்டகம் பாத் 142, ரோ 51. தரவு வகையில் கலெக்‌ஷன் 2, லெவல் 2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். லெவல் 1 எடுத்தால் வளிமண்டலத் திருத்தம், உமிழ்திறன் (ஒரு பரப்பு தன் சூட்டைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன்) திருத்தம் எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். தொடக்கத்தில் அந்த வேலை வேண்டாம்.

மாதம் மார்ச் முதல் மே வரை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமில்லாத படம் கிடைப்பது அரிது. ஜூனுக்குப் பிறகு சிதறிய மேகங்கள் தொல்லை தரும். மூன்று மாதத்தில் இரண்டு செயற்கைக்கோளும் சேர்ந்து 11 அல்லது 12 முறை கடக்கும். அதில் ஐந்தாறு நல்ல படம் தேறினால் போதும். மேக அளவை 20 சதவீதத்துக்குக் கீழே என்று வடிகட்டினாலும், அந்தச் சதவீதம் முழுச் சட்டகத்துக்கும் உரியது. மேகமெல்லாம் வங்கக் கடல் மேல் இருந்து நகரம் தெளிவாக இருக்கலாம், மாறியும் இருக்கலாம். முன்னோட்டப் படத்தைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

ஒவ்வொரு தேதிக்கும் ஐந்து கோப்புகள் போதும் (பேண்ட் என்பது ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தில் எடுத்த படம்): சிவப்புப் பேண்ட் 4, அண்மை அகச்சிவப்புப் பேண்ட் 5, தரை வெப்பநிலைப் பேண்ட் 10, மேகமும் நீரும் குறிக்கப்பட்ட தரக் கோப்பு, வெப்பநிலையின் பிழை அளவைச் சொல்லும் இன்னொரு தரக் கோப்பு. எல்லாம் யுடிஎம் என்ற வரைபட ஆள்கூற்று முறையின் 44 வடக்கு மண்டலத்தில் மீட்டர் கணக்கில் வரும். அதை மாற்றாதீர்கள். நகர எல்லைக் கோப்பையும் அதே மண்டலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எண்ணை டிகிரியாக்குவது

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான். கோப்பில் இருப்பவை நேரடி வெப்பநிலையோ எதிரொளிப்போ அல்ல, சேமிப்பதற்காக மாற்றப்பட்ட முழு எண்கள். வெப்பநிலைக்கான சூத்திரம்:

கெல்வின் = பேண்ட் 10 எண் × 0.00341802 + 149

செல்சியசுக்கு 273.15 கழிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால்:

செல்சியஸ் = பேண்ட் 10 எண் × 0.00341802 − 124.15

பிக்சலில் 47,000 என்று இருந்தால் 36.5 டிகிரி. 49,000 என்றால் 43.3 டிகிரி. கணக்கு முடிந்ததும் படத்தின் குறைந்தபட்ச மதிப்பைப் பாருங்கள். அது −124.15 என்று காட்டினால், தரவே இல்லாத ஓரப் பிக்சல்களின் சுழியம் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று பொருள். லேயர் அமைப்பில் 0 என்பதைத் தரவில்லா மதிப்பாகக் குறித்துவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.

சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும்:

எதிரொளிப்பு = பேண்ட் எண் × 0.0000275 − 0.2

இதற்குப் பிறகுதான் என்டிவிஐ, அதாவது தாவரக் குறியீடு:

என்டிவிஐ = (அண்மை அகச்சிவப்பு − சிவப்பு) ÷ (அண்மை அகச்சிவப்பு + சிவப்பு)

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்த வித்தியாசத்தைத்தான் இது எண்ணாக்குகிறது. வகுத்தல் கணக்குதானே, பெருக்கல் எண் மேலும் கீழும் அடிபட்டுப்போகும் என்று நினைத்து எதிரொளிப்புச் சூத்திரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பெருக்கல் எண் அடிபடும், ஆனால் கழிக்கும் 0.2 அடிபடாது. ஒரு மரக்கூட்டத்தில் சிவப்பு 9,500, அண்மை அகச்சிவப்பு 17,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைப்படி மாற்றினால் 0.061, 0.268. என்டிவிஐ 0.63, அடர்ந்த மரம். மாற்றாமல் அப்படியே போட்டால் 0.28, ஏதோ காய்ந்த புல் போல. ஒரே பிக்சல், இரண்டு கதை. இந்தத் தவறில் எல்லாப் பசுமையும் நசுங்கி ஒரு சிறிய வீச்சுக்குள் அடங்கிவிடும். பிறகு போடும் சரிவுக் கோடு உண்மைக்கு மாறாகச் செங்குத்தாக வரும், ‘0.1 பசுமைக்கு இத்தனை டிகிரியா’ என்று வியக்க வைக்கும்.

சரிபார்க்கப் பழகிய இடங்களில் சொடுக்கிப் பாருங்கள். கிண்டி தேசியப் பூங்காவின் நடுவில் 0.5க்கு மேலும், சவுகார்பேட்டையின் நெருக்கமான கூரைகளில் 0.05 முதல் 0.15 வரையும், கடலில் சுழியத்துக்குக் கீழேயும் வர வேண்டும். வரவில்லையென்றால் மேலே போகாதீர்கள்.

நீக்க வேண்டியவை

முதலில் மேகம். தரக் கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண் இருக்கும். லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் 21824 என்றால் மேகமில்லாத தரை, 21952 என்றால் மேகமில்லாத நீர். க்யூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் வெப்பநிலைச் சூத்திரம் முழுவதையும் ‘தரக் கோப்பு = 21824’ என்பதால் வகுத்துவிடுங்கள். நிபந்தனை பொருந்தும் இடத்தில் 1 ஆல் வகுபடும், பொருந்தாத இடத்தில் சுழியத்தால் வகுபட்டுத் தரவில்லாமல் போகும். மேகம், மேக ஓரம், மேக நிழல், நீர் நான்கும் ஒரே வரியில் நீங்கிவிடும். என்டிவிஐக்கும் இதையே செய்யுங்கள்.

நீரை ஏன் நீக்க வேண்டும்? ஏரியின் என்டிவிஐ எதிர்மறை, சூடும் குறைவு. ‘பசுமை குறைந்தால் சூடு கூடும்’ என்ற கோட்டுக்கு நேர் எதிரான மூலையில் அந்தப் புள்ளிகள் போய்க் குவிந்து கோட்டையே படுக்க வைத்துவிடும். அதைவிடத் தந்திரமானது ஆகாயத்தாமரை. சென்னையின் பல ஏரிகளிலும் ஆற்றுத் தேக்கங்களிலும் அது கம்பளம் போலப் படர்ந்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் என்டிவிஐ அதிகம், அடியில் நீர் இருப்பதால் சூடு மிகக் குறைவு. தரக் கோப்பு அதைத் தரை என்றே எண்ணும். விளைவு, ‘அடர்ந்த மரம், அபாரக் குளிர்ச்சி’ என்று சில நூறு பொய்ப் புள்ளிகள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நாணல்களும் அப்படித்தான். ஆகவே ஏரி, குளம், ஆறு, சதுப்பு எல்லைகளைப் பாலிகனாக வரைந்தோ ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து எடுத்தோ கையால் நீக்குங்கள். சதுப்பின் குளிர்ச்சி பெரிய விஷயம்தான். அதைத் தனியாக எழுதுங்கள், மரத்தின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடற்கரையிலிருந்து உள்ளே 300 மீட்டரையும் வெட்டிவிடுங்கள். காரணம் வெப்பப் பேண்டின் உண்மையான அளவு. கோப்பில் 30 மீட்டர் பிக்சல் என்று இருந்தாலும், வெப்ப உணரி அளந்தது 100 மீட்டர் பிக்சலில்தான். அதைத்தான் 30 மீட்டராக நறுக்கித் தருகிறார்கள். கரையோரப் பிக்சலில் கடலின் குளிர்ச்சி கலந்திருக்கும். மெரினாவின் அகன்ற மணலும் இதோடு வெளியே போய்விடும். மரமும் இல்லாமல் கட்டடமும் இல்லாமல் கொதிக்கும் அந்த மணல், நகரத்தைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

அடுத்தது தகரக் கூரை. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் மரமே இல்லாத இடத்தில் நீலமாக, குளிர்ந்த திட்டுகள் தெரியும். பளபளக்கும் ஜிங்க் ஷீட், அலுமினியத் தகடு இவற்றின் உமிழ்திறன் மிகக் குறைவு. கான்கிரீட்டும் இலையும் தங்கள் சூட்டுக்கு உரிய கதிர்வீச்சில் 90 சதவீதத்துக்கு மேல் வெளியிடும். புதிய பளபளப்பான தகடு அதில் சிறு பங்கைத்தான் வெளியிடும். உணரி அந்தக் குறைந்த கதிர்வீச்சைப் பார்த்துக் கூரை குளிர்ந்திருப்பதாகக் கணக்கிட்டுவிடும். நாம் எடுத்த லெவல் 2 தரவில் இந்தத் திருத்தத்துக்கு ஆஸ்டர் உணரியின் உமிழ்திறன் வரைபடம் பயன்படுகிறது. அது 2000 முதல் 2008 வரையான படங்களிலிருந்து செய்தது. அதற்குப் பின் வந்த கிடங்கு அதில் இல்லை. அன்று வயலாக இருந்த இடத்தின் மதிப்பே இன்றும் பயன்படுகிறது. பெரிய தகரக் கூரைகளைக் கூகுள் எர்த்தில் பார்த்து அடையாளம் கண்டு விலக்குவதே பத்திரம்.

கடைசியாகப் பிழை அளவுக் கோப்பு. அதிலுள்ள எண்ணை 0.01 ஆல் பெருக்கினால் பிழை கெல்வினில் வரும். 5க்கு மேல் இருப்பதை விலக்குங்கள். சென்னையின் கடலோர ஈரக்காற்றில் இந்த அளவு சில டிகிரியாவது இருக்கும். அதனால் ‘இந்தத் தெரு 43.3 டிகிரி’ என்று தசமத்தோடு எழுதுவதில் பொருளில்லை. ஒரே படத்துக்குள் ஓர் இடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நம்பத் தகுந்தது.

பல தேதிகளைச் சேர்க்கும்போதும் இதே கருத்துதான். மார்ச் படத்தையும் மே படத்தையும் அப்படியே சராசரி எடுக்காதீர்கள். ஒரு படத்தில் மேகத்தால் விடுபட்ட பகுதிக்கு இன்னொரு மாதத்துச் சூடு ஏறிவிடும். ஒவ்வொரு தேதியிலும் நகரத்தின் இடைநிலை வெப்பநிலையை (எல்லாப் பிக்சலையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) கண்டு, எல்லாப் பிக்சலிலிருந்தும் அதைக் கழித்துவிடுங்கள். கிடைப்பது ‘அன்றைய ஊர்ச் சூட்டைவிட எத்தனை டிகிரி கூட, குறைய’ என்ற படம். அவற்றைச் சராசரி செய்யலாம்.

கட்டம் போடுவது

100 மீட்டர் வெப்பப் பிக்சலை 30 மீட்டராக நறுக்கியிருக்கிறார்கள் என்றோம். அதனால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் தனித்தனி அளவுகள் அல்ல, ஒரே அளவின் துண்டுகள். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். 30 மீட்டர் பிக்சலில் அது ஏறக்குறைய 4,73,000 புள்ளிகள். அத்தனையையும் வைத்துப் பசுமைக்கும் சூட்டுக்கும் உள்ள ஒட்டுறவை (தொடர்பின் வலுவை) பார்த்தால் எந்த அற்பத் தொடர்பும் ‘புள்ளியியல்படி உறுதி’ என்று வந்துவிடும். அதை நம்ப வேண்டாம்.

க்யூஜிஐஎஸ்ஸின் கிரியேட் கிரிட் கருவியில் 300 மீட்டருக்கு 300 மீட்டர் சதுரக் கட்டங்கள் போடுங்கள். நகரத்துக்குச் சுமார் 4,730 கட்டம் வரும். புராஜெக்ட் டிகிரி அமைப்பில் இருந்தால் 300 என்பதை 300 டிகிரி என்று எடுத்துக்கொண்டு கருவி நின்றுவிடும். யுடிஎம் 44 வடக்கு என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். பிறகு சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவியால் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெப்பநிலைச் சராசரி, என்டிவிஐ சராசரி, பிக்சல் எண்ணிக்கை மூன்றையும் எடுங்கள். முழுக் கட்டத்தில் 100 பிக்சல் இருக்கும். 80க்குக் குறைந்தவற்றைத் தூக்கிவிடுங்கள். அவை ஏரி ஓரமோ, வெட்டிய கடற்கரையோ, மேக ஓரமோதான்.

200 வார்டுகளை வைத்தே செய்துவிடலாமே என்று தோன்றும். வார்டுகளின் பரப்பு ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். பழைய நகரத்தில் சில தெருக்கள், புறநகரில் பல கிலோமீட்டர். பெரிய வார்டில் தோப்பும் பாறையும் குடியிருப்பும் கலந்து சராசரியாகித் தொடர்பு மங்கிவிடும். கணக்கைக் கட்டத்தில் செய்து, முடிவை மட்டும் வார்டு வாரியாக அச்சிடுங்கள், கவுன்சிலருக்குப் புரியும்.

சரிவைக் காண்பது

கட்டங்களின் அட்டவணையைச் சிஎஸ்வி கோப்பாக்கி லிப்ரே ஆபிஸ் கால்க்கில் திறவுங்கள். என்டிவிஐயைக் கிடை அச்சிலும் வெப்பநிலையை நெடு அச்சிலும் வைத்துப் புள்ளிப் படம் போடுங்கள். எண்ணைக் கணக்கிடும் முன் புள்ளிகளைப் பாருங்கள். பெரும்பாலும் நேர்க்கோடாக இராது. இடப்பக்கம், பசுமை குறைந்த முனையில், புள்ளிகள் மேலும் கீழும் அகன்றிருக்கும். வலப்பக்கம் போகப் போகக் குவிந்து கீழே இறங்கும். ஏறக்குறைய முக்கோணம். அகன்ற இடப்பக்கத்துக்குக் காரணம் உண்டு. மரமில்லாத இடம் ஈர மண்ணாக இருக்கலாம், வெள்ளை ஓடு பதித்த மாடியாக இருக்கலாம், கறுத்த தார் முற்றமாகவும் இருக்கலாம்.

புள்ளிகளுக்கு நடுவே போகும் கோட்டின் சரிவை ஸ்லோப் சார்பு கொடுக்கும், அந்த எண்ணை இப்படிப் படியுங்கள். அது −8 என்று வந்தால், என்டிவிஐ 0.1 கூடிய கட்டம் சராசரியாக 0.8 டிகிரி குறைந்த சூட்டில் இருந்தது என்று பொருள். ‘மரம் நட்டால் 0.8 டிகிரி குறையும்’ என்று பொருள் அல்ல. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் இந்தத் துறையின் பாதித் தவறுகள் நடக்கின்றன.

மரம் குறைந்த கட்டத்தில் கட்டடம் கூடியிருக்கும். அந்தச் சரிவில் கட்டடத்தின் பங்கும் ஒளிந்திருக்கிறது. மேற்கே போகப் போகக் கடலின் பாதிப்பு குறைந்து சூடு ஏறும். அங்கே மரம் குறைவாக இருந்தால் கடல் தூரத்தின் பங்கும் மரத்தின் கணக்கில் விழுந்துவிடும். எனவே ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னும் இரண்டு எண்கள் சேருங்கள்: கரையிலிருந்து தூரம் கிலோமீட்டரில், கட்டடம் மூடிய பரப்பு சதவீதத்தில். கட்டட உருவங்கள் கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் தரவில் இலவசமாகக் கிடைக்கும். என்டிபிஐ என்ற கட்டடக் குறியீட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதிலும் அண்மை அகச்சிவப்புப் பேண்டுதான் இருக்கிறது. என்டிவிஐயின் மறுபக்கம் போலவே நடந்துகொண்டு, இரண்டின் கெழுக்களையும் (ஒவ்வொரு காரணிக்கும் கணக்கு தரும் சரிவு எண்களையும்) குலைத்துவிடும்.

மூன்று காரணிகளையும், பல காரணிகளை ஒருசேரக் கணக்கிடும் லைன்எஸ்ட் சார்பில் கொடுங்கள். அது விடைகளைத் தலைகீழ் வரிசையில் தரும் என்பதைக் கவனியுங்கள். நீங்கள் என்டிவிஐ, கடல் தூரம், கட்டடம் என்று நெடுவரிசை வைத்திருந்தால், முதலில் வருவது கட்டடத்தின் கெழு. இதை மாற்றிப் படித்து வந்த முடிவுகள் வெளித் தோற்றத்தில் சரியாகவே இருக்கும், அதனால்தான் ஆபத்து. மூன்றையும் சேர்த்த பின் என்டிவிஐயின் கெழு தனியாக இருந்ததைவிடச் சுருங்கினால் கலங்காதீர்கள். மற்ற இரண்டையும் கணக்கில் எடுத்தபின் பசுமைக்கு மிஞ்சுவது அதுதான். அறிக்கையில் போட வேண்டிய எண்ணும் அதுவே.

இன்னொரு சரிபார்ப்பு: கட்டங்களை ஒன்று விட்டு ஒன்று, அல்லது இரண்டு விட்டு ஒன்று என எடுத்துத் திரும்பக் கணக்கிடுங்கள். கெழு அதிகம் மாறாவிட்டால் நல்லது. பக்கத்துக் கட்டங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால் வரும் போலி உறுதி இதில் வெளிப்பட்டுவிடும்.

என்டிவிஐக்கு மரமும் புல்லும் ஒன்றுதான். நீர் பாய்ச்சிய புல்வெளியும் ஆலமரமும் ஒரே எண் தரலாம். மரப்பரப்பையே சதவீதமாகக் காண வேண்டுமானால் 10 மீட்டர் பிக்சல் உள்ள, ஐரோப்பாவின் சென்டினல் 2 செயற்கைக்கோள் படத்தை மே மாதக் கடைசியில் எடுங்கள். மழையை நம்பிய புல் அதற்குள் காய்ந்துவிடும், பச்சையாக நிற்பது பெரும்பாலும் மரமும் சீமைக் கருவேலமும்தான். 2022 ஜனவரி 25க்குப் பிந்திய சென்டினல் கோப்புகளில் எல்லா எண்ணிலும் 1,000 கூட்டப்பட்டிருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் 10,000 ஆல் வகுக்க வேண்டும். முன்பு பார்த்த அதே 0.2 தவறு இங்கே வேறு வேடத்தில் வரும்.

கிண்டியின் குளிர்ச்சி எவ்வளவு தூரம் போகிறது

ஒரு பூங்காவின் எல்லையைச் சுற்றி 100 மீட்டர் அகல வளையங்கள் ஒரு கிலோமீட்டர் வரை போட்டு, ஒவ்வொரு வளையத்தின் சராசரிச் சூட்டையும் வரைபடமாக்குவார்கள். கோடு ஏறி ஏறி எந்தத் தூரத்தில் படுக்கிறதோ அதுவரை பூங்காவின் பலன் எட்டுகிறது என்று கொள்வார்கள். கிண்டியில் இதை அப்படியே செய்தால் தவறாகும். 270 ஹெக்டேர் தேசியப் பூங்காவை ஒட்டி ஒருபக்கம் ஆளுநர் மாளிகை, மறுபக்கம் ஐஐடி வளாகம், இரண்டும் மரமடர்ந்தவை. முதல் வளையங்கள் அந்த மரங்கள் மேலேயே விழும், பூங்காவின் குளிர்ச்சி வெகுதூரம் போவதாகத் தோன்றும். ஒட்டிய பசுமை எல்லாவற்றையும் ஒரே பாலிகனாக்கி அதன் வெளி எல்லையிலிருந்து தொடங்குங்கள். வடக்கே அடையாற்றை நீக்குங்கள்.

சிறு பூங்காக்களில் இந்த முறை செல்லாது. ஓர் ஏக்கர் பூங்கா 0.4 ஹெக்டேர், ஒரு வெப்பப் பிக்சலில் பாதிகூட இல்லை. நடுவில் கலப்பில்லாத ஒரு பிக்சலாவது கிடைக்க 3 × 3 பிக்சல், அதாவது 9 ஹெக்டேர், 22 ஏக்கர் வேண்டும். கதீட்ரல் சாலையின் செம்மொழிப் பூங்கா சுமார் 20 ஏக்கர். அதுவே இந்த எல்லையை எட்டவில்லை. தெருமுனைப் பூங்கா படத்தில் குளிராகத் தெரியவில்லை என்பதை வைத்து அது பயனற்றது என்று யாராவது சொன்னால், கருவியின் கண் அவ்வளவுதான் என்று விளக்குங்கள்.

வர்தாவுக்கு முன், பின்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஏராளமான மரங்களைச் சாய்த்தது. இழப்பின் பலனை அளக்க இயல்பாகவே தோன்றும் வழி, 2016 ஏப்ரல் படத்தையும் 2017 ஏப்ரல் படத்தையும் ஒப்பிடுவது. செய்தால் என்டிவிஐ சரிந்திருக்கும், சூடு ஏறியிருக்கும், ‘புயல் ஊரைச் சுட வைத்தது’ என்று தலைப்பு போடலாம். அவசரப்படாதீர்கள். 2015 இறுதியில் பெருவெள்ளம். அதனால் 2016 கோடையில் நிலத்தடியில் வழக்கத்தைவிட ஈரம் இருந்தது. 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் பொய்த்தது. 2017 கோடை கடும் வறட்சி. புயலே வராவிட்டாலும் அந்த இரண்டு கோடைகளுக்கும் நடுவே பசுமை குறைந்து சூடு ஏறித்தான் இருக்கும்.

பிரித்தெடுக்க இரண்டு வேலைகள் செய்யுங்கள். புயல் தாக்காத, அதே வறட்சியில் வாடிய ஒரு பகுதியை ஒப்பீட்டுக்கு எடுங்கள். அதே சட்டகத்தில் தென்மேற்கே தள்ளி, நிலப்பயன்பாடு மாறாத காட்டுத் துண்டுகள் கிடைக்கும். அங்கே ஏற்பட்ட மாற்றத்தைச் சென்னையின் மாற்றத்திலிருந்து கழியுங்கள், மிஞ்சுவது புயலின் பங்குக்கு நெருக்கமாக இருக்கும். இரண்டாவது, 2014, 2015, 2018, 2019 கோடைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஈரம் திரும்பிய ஆண்டில் புல் மீண்டிருக்கும், விழுந்த மரம் மீண்டிருக்காது.

1990களோடு ஒப்பிட ஆசைப்படுபவர்கள் லேண்ட்சாட் 5ஐ எடுப்பார்கள். அதில் சிவப்பு பேண்ட் 3, அண்மை அகச்சிவப்பு பேண்ட் 4, வெப்பம் பேண்ட் 6. பெருக்கல் எண்கள் மாறவில்லை, ஆனால் மேகமில்லாத் தரையின் தர எண் 21824 அல்ல, 5440. வெப்பப் பிக்சல் 120 மீட்டர். சென்னையை அது இன்னும் முன்னதாகவே கடந்தது. டிகிரியை நேரடியாக ஒப்பிடாமல், அன்றைய ஊர் இடைநிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்பதை மட்டும் ஒப்பிடுங்கள்.

‘கிராமத்தைவிட நகரம் எவ்வளவு சூடு’ என்று கேட்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. மே மாதக் காலையில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து அறுவடை முடிந்த வெறும் வயல், சென்னைக் குடியிருப்பைவிடச் சூடாகத் தெரியலாம். காய்ந்த மண் சட்டென்று சூடேறும், கான்கிரீட் மெல்ல ஏறும். இதைப் பார்த்து ‘நகரத்தில் வெப்பமே இல்லை’ என்று முடிவுகட்டினால் பெரும் பிழை. கான்கிரீட் வாங்கி வைத்த சூடு இரவில்தான் வெளியே வரும், உறக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். இரவுக்கு அக்வா செயற்கைக்கோளின் மோடிஸ் உணரி எடுத்த தரவு இருக்கிறது. பிக்சல் ஒரு கிலோமீட்டர், ஆனால் இரவுப் படம் ஏறக்குறைய நாள்தோறும். இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2018 முதல் இயங்கும் ஈக்கோஸ்ட்ரெஸ் கருவி 70 மீட்டர் அளவில் வெவ்வேறு நேரங்களில் படம் தருகிறது.

தரையில் சரிபார்ப்பது

செயற்கைக்கோள் கடக்கும் ஒரு தெளிந்த நாளில், காலை 10 முதல் 10.40க்குள், ஏழெட்டு கட்டங்களில் அளவெடுங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கித் தெர்மாமீட்டரில் உமிழ்திறனை 0.95 என்று வையுங்கள். ரோடு, மாடி, மண், இலை ஒவ்வொன்றிலும் பத்து அளவாவது வேண்டும். தகரத்தில் அது செயற்கைக்கோள் போலவே ஏமாறும். தகடு மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, சில நிமிடம் கழித்து டேப்பின் மேல் அளந்தால் உண்மை தெரியும். கூடவே சாதாரணத் தெர்மாமீட்டரை நிழலில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் வைத்துக் காற்றின் சூட்டையும் குறியுங்கள்.

மரம் கவிந்த தெருவில் செயற்கைக்கோள் பார்ப்பது மேல் இலையை. அடியிலிருக்கும் ரோடு அதற்குத் தெரியாது. துப்பாக்கியை முதலில் நிழல் விழுந்த ரோட்டிலும், பத்தடி தள்ளி வெயில் விழுந்த ரோட்டிலும் காட்டுங்கள். தள்ளுவண்டிக்காரரும் பள்ளி விட்டு வரும் பிள்ளைகளும் நிற்பது அந்த ரோட்டில். கட்டக் கணக்கு சொல்லும் குளிர்ச்சியோடு இந்த இரண்டு அளவையும் தனி வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாற்று நட இடம் தேர்ந்தெடுக்கும்போது வெறுமனே சிவந்த கட்டங்களை எடுக்காதீர்கள். லைன்எஸ்ட் கெழுக்களால் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிர்பார்த்த சூட்டைக் கணக்கிட்டு, உண்மைச் சூட்டிலிருந்து கழியுங்கள். பசுமை குறைவு, சூடு அதிகம், மிச்சம் சுழியத்துக்குப் பக்கம் என்ற கட்டங்களில் மரம் உதவ வாய்ப்பு அதிகம். மிச்சம் மிகக் கூடுதலாக இருந்தால் காரணம் வேறு. உலை, பெரிய தார் முற்றம், கறுத்த கூரை ஏதாவது இருக்கும், முதலில் அதைப் போய்ப் பாருங்கள். அச்சிடும் வரைபடத்தின் மூலையில் தேதிகள், காலை 10.20 என்ற நேரம், ‘தரைப் பரப்பு வெப்பநிலை, ஊர் இடைநிலையிலிருந்து விலகல்’ என்ற வரி, நீக்கிய பகுதிகளின் பட்டியல் நான்கும் இருக்கட்டும். நீக்கிய ஏரியையும் சதுப்பையும் சாம்பல் நிறத்தில் காட்டுங்கள், வெள்ளையாக விட்டால் அங்கே ஒன்றுமில்லை என்று படித்துவிடுவார்கள்.